பக்கத்து சீட்டு பிரேக்

எங்க வாலுக்கு அப்பா எழுதறது. இங்க நானும் அம்மாவும் நல்லா இருக்கோம், அங்க நீயும் உன் வயித்துக்குள்ள இருக்கிற ஆளும் நல்லா சாப்பிட்டு நல்லா தூங்கி நல்லா இருக்கணும்னு தினமும் நினைச்சுக்கறோம். நல்லா இருக்கோம்னா, அம்மாவுக்கு ஒரு முட்டி, எனக்கு ரெண்டு முட்டி, இடுப்பு, கழுத்துல இடது பக்கம், இதெல்லாம் போக மிச்சம் இருக்கிறது நல்லா இருக்கு. அம்மா முட்டியை டாக்டர் அறுத்து சரி பண்ணினார், என் முட்டியை நானே யோகா பண்ணி கெடுத்துக்கிட்டேன். ஆமா, சரியாத்தான் படிச்சே, யோகா. அதுவும் சாதா யோகா இல்ல, கர்ப்பிணிப் பெண்களுக்கான யோகா. சிரிச்சு முடிச்சுட்டு மேல படி, சிரிக்கிறப்போ எதையாவது பிடிச்சுக்கிட்டு சிரி. இதை போன்லயே சொல்லலாம்தான், ஆனா போன்ல நான் பேச ஆரம்பிச்சா அம்மா ஸ்பீக்கரைப் போட்டு நடுவுல புகுந்து, நான் சொல்ல வந்ததை எனக்கு முன்னாடி தப்பு தப்பா சொல்லிடுவா. அதோட வீடியோல என் மூஞ்சியைப் பாத்துட்டா நான் சொல்றது எதையும் நீ நம்பறதில்ல. அதான் பேப்பரும் பேனாவுமா உக்காந்துட்டேன்.

போன தடவை நீ கேட்டதுக்கு நான் இன்னும் பதில் சொல்லலை, மறந்துட்டேன்னு நினைச்சுக்காதே. மாப்பிள்ளை கப்பல் திரும்பி வர நாளாகும், குழந்தை பிறக்கிற நேரத்துல அவர் நடுக்கடல்ல எஞ்சினோட மல்லுக்கட்டிக்கிட்டு இருப்பார், அம்மாவுக்கு அவ்வளவு தூரம் காலை மடக்கி உக்காந்து வர்றது இப்போதைக்கு ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டார், பிரசவ ரூமுக்குள்ள துணைக்கு ஒரு ஆளை விடறாங்க, நீங்க வர்றீங்களாப்பான்னு கேட்டே. நான் ம்ம்னு சொன்னேன். அது வர்றேங்கிற ம்ம் இல்ல, வரலைங்கிறதும் இல்ல. ரத்தம் எடுக்கற ஊசியைப் பாத்தாலே நாற்காலியோட சாயற ஆளைப் போய் அந்த ரூமுக்குள்ள கூப்பிடறியேன்னு திகைச்சுப்போய் வந்த ம்ம். அப்புறம் நீ குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, வாங்கப்பா, ஆனா ஒரே ஒரு கண்டிஷன், பிரேக் போடக்கூடாதுன்னு சொன்னே. பக்கத்துல இருந்த அம்மா சிரிச்ச சிரிப்புக்கு அவ தையல் பிரிஞ்சுடுமோன்னு நான் பயந்துட்டேன். எனக்கு சிரிப்பு வரலை. நீ அதை விளையாட்டா சொல்லலைன்னு உன் குரல்லயே தெரிஞ்சுது.

பிரேக் கதை உனக்குத் தெரிஞ்சதுதான், இருந்தாலும் எழுதிடறேன், நாளைக்கு உன் பிள்ளை இந்தக் கடிதத்தை எடுத்துப் படிச்சா தாத்தா எப்பேர்ப்பட்ட ஆளுன்னு தெரிய வேண்டாமா. டிரைவிங் ஸ்கூல் வண்டியில கத்துக்கறவங்க காலுக்குக் கீழ ஒரு பிரேக் இருக்கும், பக்கத்து சீட்டுல உக்காந்து கத்துக்குடுக்கற என் காலுக்குக் கீழயும் ஒரு பிரேக் இருக்கும். அவங்க பதறிப்போய் எதையாவது மிதிச்சா காப்பாத்தறதுக்குன்னு வெச்சது. இத்தனை வருஷத்துல அது என் காலோடயே வளந்துடுச்சு. பஸ்ல போனா மிதிக்கிறேன். முடி வெட்டிக்கப் போனா கத்தரி காதுகிட்ட வர்றப்போ மிதிக்கிறேன். டிவியில எவனாவது வண்டியை வேகமா ஓட்டினா சோபாவுல உக்காந்துக்கிட்டு தரையை மிதிக்கிறேன். அம்மா ஆபரேஷன் முடிஞ்சு வந்ததுல இருந்து எனக்கு ஹால்லதான் படுக்கை, தூக்கத்துல பிரேக் போட்டு அவளோட புது முட்டியை உடைச்சுடுவேனாம். நீ மட்டும் என்னவாம், ஊருக்கே ஓட்டக் கத்துக்குடுக்கறவன் பெத்த பொண்ணு, எதிர்த்த ரோட்டுல இருந்த இன்னொரு ஸ்கூல்ல போய்ச் சேர்ந்தே. அந்த மீசைக்காரர் இன்னிக்கும் என்னைப் பாத்தா மீசைக்குள்ளேயே சிரிச்சுக்குவார். ஏம்மா இப்படி என் மானத்தை வாங்கறேன்னு அப்போ கேட்டதுக்கு, உங்ககூட வந்தா வண்டியை நான் ஓட்டறேனா நீங்க ஓட்டறீங்களான்னே தெரியலப்பான்னு சொன்னே. அதைத்தான் நீ போன்ல மறுபடியும் சொன்னேன்னு எனக்குப் புரிஞ்சுது.

இதுல யோகா எங்க வந்துச்சுன்னு கேப்பே. மாசமா இருக்கறப்போ யோகா பண்றேன்னு நீ சொன்னே பாரு, அன்னிக்கே நான் பிரேக்கைத் தேட ஆரம்பிச்சுட்டேன். எனக்கு யோகான்னா ஞாபகம் வர்றது ஒண்ணே ஒண்ணுதான், நீ ஸ்கூல் படிக்கிறப்போ பாத்ரூம் கதவுல காலைச் சாய்ச்சு தலைகீழா நின்னே, உள்ள இருந்த நான் கதவைத் திறந்துட்டேன். அந்த மாதிரி இப்பவும் நிக்கிறாளோ என்னமோன்னு எனக்குத் தூக்கம் போச்சு. அதை விடு, வேண்டாம், நட, நடந்தா போதும்னு உனக்கு போன் மேல போன் போட்டேன். நீயும் பொறுமையா, டாக்டர்கிட்ட கேட்டுட்டுதான் பண்றேன்பான்னு சொல்லிக்கிட்டே இருந்தே. கடைசியில அம்மாதான் பொறுக்காம, யோகாவைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும், கால் கட்டை விரலைத் தொட்டே பல வருஷம் ஆச்சு, தெரிஞ்சவங்க யாரையாவது போய்க் கேளுங்க, அந்தப் பொண்ணை விடுங்கன்னு என்மேல பாய்ஞ்சா. கேக்கறதுக்கு ஆளும் இருந்தாங்க. என்கிட்ட கார் கத்துக்க வர்ற ஒரு அம்மா யோகா டீச்சர், மாசமா இருக்கறவங்களுக்குன்னே டயர் கடைக்கு மேல மாடி ஹால்ல தனியா வகுப்பு எடுக்கறாங்க. அவங்க ரிவர்ஸ் எடுத்துக்கிட்டு இருக்கறப்போ, மாசமா இருக்கறவங்க யோகா பண்ணலாமான்னு கேட்டேன். இப்போ என்கிட்ட எதுவும் கேக்காதீங்க சார்னு கத்தினாங்க. நான் பிரேக் போட்டேன். அப்புறம் வண்டியை ஓரமா நிறுத்தி என் கதையை முழுசாக் கேட்டுட்டு, நேர்ல வந்து பாருங்க, ஆனா வகுப்புல இருக்கற பொண்ணுங்க சரின்னு சொல்லணும்னாங்க. அங்க வர்ற பேங்க் கேஷியர் பொண்ணு, அவர் நம்மளைவிட அதிகமா பயந்து போயிருக்கார் போல, பாவம் வரட்டும்னு சொல்லுச்சாம்.

அப்படித்தான் நான் போய்ச் சேர்ந்தேன். உள்ள நுழைஞ்சதும் டீச்சர் எல்லாரையும் வரிசையா கேக்கறாங்க, டாக்டரைப் பாத்தீங்களா, இன்னிக்கு உடம்பு எப்படி இருக்கு, எங்கயாவது வலி இருக்கா, எத்தனை மாசம்னு. அதே வாயால என்னையும் எத்தனை மாசம்னு கேட்டுட்டாங்க. என் வயித்தைப் பாத்தா யாருக்கும் அந்தச் சந்தேகம் வரும், நான் கோவிச்சுக்கலை. ஆனா அந்த வயிறு போதாதுன்னு ஒரு துணிப்பையில அரிசியைக் கட்டி என் வயித்து மேல சுத்தி முடிச்சுப் போட்டாங்க. பொண்ணு என்ன சுமக்கறான்னு தெரியாம அவளுக்கு யோசனை சொல்லாதீங்கன்னாங்க. அந்தப் பையோட குனிஞ்சு செருப்பை எடுக்கறதுக்குள்ள எனக்கு கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு. அம்மா உன்னைச் சுமக்கறப்போ அந்த வயித்தோட பாத்திரம் தேய்ச்சதும், நான் பக்கத்துல நின்னு நல்லா குனிஞ்சு தேய், உடம்புக்கு நல்லதுன்னு சொன்னதும் ஞாபகம் வந்துச்சு. வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட அதைச் சொன்னேன். பரவாயில்ல, இப்போ நீங்க தேய்ங்கன்னுட்டா. அன்னிக்குப் பிடிச்ச பாத்திரத்தை நான் இன்னும் கீழ வைக்கலை.

வகுப்புல நான் பண்ணாத தப்பே கிடையாது வாலு. மத்தவங்க எல்லாம் என்னைப் பாத்துதான் எதைப் பண்ணக்கூடாதுன்னு கத்துக்கிட்டாங்க, அந்த வகையில நானும் ஒரு டீச்சர்தான். பையைக் கட்டிக்கிட்டு மல்லாக்க நீட்டிப் படுத்தேன், கொஞ்ச நேரத்துல மூச்சு முட்டுச்சு. மாசம் ஏற ஏற அப்படி மல்லாந்து ரொம்ப நேரம் படுக்கக்கூடாது, வயித்து பாரம் உள்ள இருக்கிற பெரிய ரத்தக்குழாயை அமுக்கும், ஒருக்களிச்சுப் படுக்கணும், முட்டிக்கு நடுவுல ஒரு தலையணை வெச்சுக்கணும்னு டீச்சர் சொன்னாங்க. எழுந்திருக்கச் சொன்னாங்க, நான் படுத்த வாக்குலயே விறைச்சுக்கிட்டு எழுந்தேன், இடுப்புல பிடிச்சது இன்னும் விடலை. பக்கவாட்டுல திரும்பி, கையை ஊனி, மெதுவா எழுந்திருக்கணுமாம். முறுக்கறப்போ வயித்தை அமுக்கற மாதிரி முறுக்கக்கூடாது, தோளை மட்டும் லேசா திருப்பினா போதும். குப்புறப் படுக்கறது கிடையாது, குதிக்கறது கிடையாது. இந்த நேரத்துல உடம்புல மூட்டெல்லாம் தன்னால இளகிக் குடுக்குமாம், இன்னும் வளையலாம் போல இருக்கும், அதை நம்பி இழுத்தா சுளுக்கிக்கும், எப்பவும் வளையறதைவிட கொஞ்சம் குறைச்சே வளைங்கன்னு அவங்க சொன்னாங்க. எனக்கு அந்தக் கவலை இல்ல, எனக்கு எந்த மூட்டும் எதுக்கும் இளகறதா இல்ல. பண்ணிக்கிட்டே பேச முடியணும், பேச முடியலைன்னா உடம்பை அதிகமா வருத்தறோம்னு அர்த்தமாம். சும்மா சம்மணம் போட்டு உக்காந்ததுக்கே எனக்குப் பேச்சு வரலை. இதை அம்மாகிட்ட சொன்னப்போ அவ முகத்துல ஒரு சந்தோஷம், தினமும் போயிட்டு வாங்கன்னா.

எல்லாத்துலயும் பெரிய தப்பு என்னன்னா, எதைப் பண்ணினாலும் நான் மூச்சைப் பிடிச்சுக்கிட்டுப் பண்றேனாம். டீச்சர் பக்கத்துல வந்து, இங்க யாரும் மூச்சைப் பிடிக்கக்கூடாது சார், விடுங்கன்னாங்க. விட்டுட்டேன்னுதான் நினைச்சேன். விடலை. யோசிச்சுப் பாத்தா அந்தப் பக்கத்து சீட்டுல உக்காந்த நாள்ல இருந்து நான் மூச்சே விடலை போல இருக்கு. இதையெல்லாம் கேட்டுட்டு வந்து உனக்கு வரிசையா போன்ல ஒப்பிச்சேனே, ஞாபகம் இருக்கா, மல்லாந்து படுக்காதே, தலைகீழா நிக்காதே, வேர்த்துக் கொட்டற ரூம்ல பண்ணாதே, தண்ணி குடின்னு. நீ எல்லாத்தையும் கேட்டுட்டு, ஆமாப்பா, ஆரம்பத்துல இருந்தே அப்படித்தான் பண்றேன், தலைகீழா நிக்கறதை எப்பவோ நிறுத்தியாச்சுன்னு சொன்னே. என் மொத்த ஆராய்ச்சியும் அன்னிக்கே மூட்டை கட்டிடுச்சு.

இனிமே எழுதப் போறதை நான் போன்ல சொல்லலை. அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். வகுப்புல ஒரு நாள் சுவத்தோரமா குந்தி எழுந்திருக்கிற பயிற்சி. முதுகு சுவத்துல சாஞ்சிருக்கணும், கால் அகலமா, பிடிச்சுக்க முன்னால ஒரு நாற்காலி, கீழ தலையணை. கேஷியர் பொண்ணு பாதி இறங்கினதும் அதோட தொடை நடுங்குச்சு. சும்மா ஒரு நடுக்கம், புதுசா ஓட்டறவங்க கால் கிளட்ச் மேல நடுங்குமே அது மாதிரி. நான் ஹாலோட அந்தக் கோடியில இருந்தேன். பிரேக்னு தொண்டை கிழிய ஒரு கத்து, கூடவே வலது காலால மரத்தரையில ஓங்கி ஒரு மிதி. வயித்துல கட்டின முடிச்சு அவிழ்ந்து அரிசி ஹால் பூரா சிதறுச்சு. கீழ டயர் கடைக்காரர் மேல எது இடிஞ்சு விழுந்துச்சுன்னு ஓடி வந்துட்டார். என் சத்தத்துல அந்தப் பொண்ணு திடுக்கிட்டு கால் நழுவுச்சு. டீச்சர் பக்கத்துலயே இருந்தாங்க, ஒரு கை நாற்காலியில, ஒரு கை அது முதுகுல, அப்படியே தாங்கி தலையணை மேல உக்கார வெச்சுட்டாங்க. ஒண்ணும் ஆகலை வாலு, பயப்படாதே. டாக்டருக்கு உடனே போன் பண்ணாங்க, போய்க் காட்டிட்டும் வந்தாங்க, குழந்தை நல்லா இருக்கு, அது பாட்டுக்கு உள்ள உதைச்சுக்கிட்டு இருக்கு. ஆனா டாக்டர்கிட்ட கிளம்பறதுக்கு முன்னாடி அந்தப் பொண்ணு என்னைத் திட்டக்கூட இல்ல. நான் நல்லாத்தான் சார் இருந்தேன், எழுந்திருச்சுக்கிட்டுதான் இருந்தேன், உங்க சத்தத்துலதான் கால் நழுவுச்சுன்னு மெதுவா சொல்லுச்சு. அவ்வளவுதான். எனக்கு உன் குரல் மாதிரியே கேட்டுச்சு.

எல்லாரும் போனதுக்கப்புறம் தரையில உக்காந்து, பாய் இடுக்குல இருந்த அரிசியை ஒண்ணொண்ணா பொறுக்கினேன். வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட, நான் போகலை, நீயே வாலுகிட்ட எதாவது சொல்லிடு, அந்த ரூம்ல அவ வலி தாங்காம கத்தறப்போ நான் பக்கத்துல நின்னா அவளை இன்னும் பயமுறுத்திடுவேன், சம்பளத்துக்கு நர்ஸ் யாரையாவது துணைக்கு ஏற்பாடு பண்ணிக்கட்டும்னு சொன்னேன். எப்பவும் எதாவது சொல்லி சிரிக்கிறவ அன்னிக்கு சிரிக்கலை. அவ நர்ஸைக் கேக்கலை, உங்களைக் கேட்டான்னு மட்டும் சொல்லிட்டு, காலை இழுத்து இழுத்து உள்ள போயிட்டா.

மறுநாள் டீச்சர் டிரைவிங்குக்கு வந்தாங்க. இனிமே மாடிப் பக்கம் வராதீங்கன்னு சொல்லுவாங்கன்னு நினைச்சேன். சொல்லலை. வகுப்புல ஒரு மர நாற்காலியில தலையணையைக் கட்டி வெச்சிருக்கேன், அதுதான் உங்க பொண்ணு, வந்து பழகுங்கன்னாங்க. எல்லாரும் போனதுக்கப்புறம் நான் தினமும் அந்த நாற்காலிக்குப் பின்னால முட்டி போட்டு, தலையணையோட இடுப்புப் பக்கம் உள்ளங்கையை வெச்சேன். அமுக்காதீங்க, வெச்சுக்கிட்டு மட்டும் இருங்க, அவ கேட்டா அமுக்குங்கன்னாங்க. ஒரு வார்த்தை பேசக்கூடாது, மூச்சை மட்டும் நீளமா, சத்தம் கேக்கற மாதிரி வெளிய விடணும். வலியில இருக்கறவங்களுக்கு மூச்சை விடுன்னு சொன்னா காதுல ஏறாது, பக்கத்துல ஒருத்தர் விடற சத்தம் கேட்டா அதுகூடவே போவாங்கன்னு சொன்னாங்க. நான் ஒரு தலையணைக்கு மூச்சு விட்டுக் காட்டினேன். பாக்கறதுக்கு பைத்தியக்காரன் மாதிரிதான் இருந்திருப்பேன், டயர் கடைக்காரர் ஒரு நாள் எட்டிப் பாத்துட்டு ஒண்ணும் கேக்காம இறங்கிப் போயிட்டார்.

இப்போ நடந்த ஒண்ணைச் சொல்றேன். அதுக்காகத்தான் இந்தக் கடிதமே. போன வாரம் டீச்சர் வண்டி ஓட்டறாங்க, நான் பக்கத்து சீட்டு. ஸ்டேஷனுக்கு ஏறற மேட்டு ரோட்டுல சிக்னல் விழுந்து நின்னோம். பின்னால ஒரு லாரி, முட்டற மாதிரி. பச்சை விழுந்துச்சு, டீச்சர் கிளட்சை சட்டுனு விட்டாங்க, வண்டி ஒரு உதறு உதறி நின்னு போச்சு. ஹேண்ட் பிரேக்கை மட்டும் சரியா இழுத்துட்டாங்க, வண்டி நகராது, ஆபத்து ஒண்ணும் இல்ல. ஆனா பின்னால லாரிக்காரர் ஹார்ன்ல இருந்து கையை எடுக்கவே இல்ல. டீச்சர் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு மூச்சே விடலை. ஊருக்கெல்லாம் மூச்சு விடச் சொல்லிக்குடுக்கறவங்க. வழக்கமா இந்த இடத்துல நான் என்ன பண்ணுவேன்னு உனக்குத் தெரியும். என் பிரேக்கை மிதிப்பேன், ஸ்டியரிங்கைப் பிடிப்பேன், நகருங்க நான் எடுக்கறேன்னு இறங்கிச் சுத்தி வந்து நானே ஓட்டிட்டுப் போவேன். ஒவ்வொருத்தரையும் அந்த மேட்டுல அப்படித்தான் பண்ணியிருக்கேன், அதனாலதான் என்கிட்ட கத்துக்கிட்டவங்க யாரும் அந்த மேட்டுப் பக்கமே போறதில்ல. அன்னிக்கு என் கால் தானா பிரேக்குக்கு மேல போச்சு. போய் அங்கயே நின்னுச்சு. மிதிக்கலை. வாயைத் திறந்தேன், அதுல இருந்து சத்தம் வரலை, நீளமா மூச்சுதான் வந்துச்சு. மறுபடியும் விட்டேன். தலையணைக்கு விட்டேனே அதே மாதிரி. டீச்சர் என்னைத் திரும்பிப் பாக்கலை, ஆனா அவங்களும் விட ஆரம்பிச்சாங்க, எனக்குக் கேட்டுச்சு. அப்புறம் சாவியைத் திருப்பினாங்க. கிளட்சை மெதுவா எடுத்தாங்க, வண்டி லேசா முன்னால தூக்கி நின்னுச்சு, ஹேண்ட் பிரேக்கை விட்டாங்க. ஒரு இம்மி பின்னால போகலை. மேடு ஏறி, வளைவு திரும்பி, மரத்தடியில கொண்டுபோய் நிறுத்தினாங்க. நிறுத்திட்டு, நீங்க எதாவது பண்ணினீங்களா சார்னு கேட்டாங்க. ஒண்ணும் பண்ணலைன்னேன். தெரியும், நான்தான் ஓட்டினேன், நீங்க உங்க பொண்ணுகிட்ட போறதுக்கு டிக்கெட் எடுங்கன்னாங்க. கண்ணுல தண்ணி வந்துடுச்சு எனக்கு. தூசின்னு சொன்னேன். கண்ணாடி எல்லாம் ஏத்தி விட்டிருந்தாங்க, இருந்தாலும் ஆமா தூசின்னு அவங்களும் சொன்னாங்க.

டிக்கெட் எடுத்தாச்சு வாலு. உன் நாள் நெருங்கறதுக்கு முன்னாடியே வந்து இறங்கிடறேன். அம்மாவுக்கு அவ அக்கா வந்து துணைக்கு இருக்காங்க, ரெண்டு பேரும் சேர்ந்து என்னைப் பத்திப் பேச நிறைய இருக்கும், பொழுது போயிடும். எனக்கு பயமா இருக்கு, அதை மறைக்கலை. நீ வலியில துடிக்கிறதைப் பாத்துக்கிட்டு சும்மா நிக்கணும்னு நினைச்சாலே கால் பிரேக்கைத் தேடுது. இத்தனை வருஷமா நான் போட்ட பிரேக் எல்லாம் அந்த பயத்துல போட்டதுதான், உன்மேல நம்பிக்கை இல்லாம இல்ல. ரத்தம் கண்ணுல படாம தலைமாட்டுல நின்னுக்கறேன், அப்படியும் சாஞ்சுட்டா என்னை ஓரமா இழுத்துப் போட்டுட்டு அவங்க வேலையைப் பாக்கட்டும், யாரும் என்னைக் கவனிக்க வேண்டாம்னு நர்சுங்ககிட்ட இப்பவே சொல்லி வெச்சுடு.

அதுவரைக்கும் நீ பண்றதைப் பண்ணு. சுவத்தோரமாப் பண்ணு, வழுக்காத பாயில பண்ணு, ஒவ்வொரு தடவை டாக்டர்கிட்ட போறப்பவும் என்னென்ன பண்றேன்னு சொல்லிட்டுப் பண்ணு. ஒண்ணு மட்டும் அப்பனா இல்லாம, வண்டி கத்துக்குடுக்கறவனா சொல்றேன். தலை சுத்துனாலோ, வயிறு இறுக்கிப் பிடிச்சாலோ, வலிச்சாலோ, மூச்சு வாங்கினாலோ, ரத்தமோ தண்ணியோ கசிஞ்சாலோ, குழந்தை அசையறது குறைஞ்ச மாதிரி இருந்தாலோ, இன்னும் ஒரே ஒரு தடவை பண்ணிட்டு நிறுத்தலாம்னு நினைக்காதே, அங்கயே நிறுத்திட்டு டாக்டருக்கு போன் போடு. எனக்கு இல்ல, டாக்டருக்கு. எனக்கு அப்புறமா போடு. அந்த பிரேக் உன்னோடது, உன் காலுக்குக் கீழதான் இருக்கு, எப்போ போடணும்னு உனக்குத்தான் தெரியும்.

இந்தக் கவருக்குள்ள ஒரு கறுப்பு ரப்பர் துண்டு இருக்கும், குப்பைன்னு தூக்கிப் போட்டுடாதே. நேத்து வண்டியை சர்வீசுக்கு விட்டேன். மெக்கானிக் ரெண்டு பிரேக் மிதியையும் பாத்துட்டு, ஓட்டறவங்க பக்கத்து ரப்பர் புதுசு மாதிரி இருக்கு சார், உங்க பக்கத்து ரப்பர் தேஞ்சு இரும்பு தெரியுது, உண்மையைச் சொல்லுங்க, இந்த வண்டியை இத்தனை நாளா யார் ஓட்டினதுன்னு கேட்டார். என்னத்தைச் சொல்ல. என் பக்கத்துக்குப் புதுசு மாட்டச் சொல்லிட்டு, பழசை வாங்கி சோப்பு போட்டுக் கழுவி உனக்கு அனுப்பியிருக்கேன். ஆஸ்பத்திரிக்குக் கட்டி வெச்சிருக்கிற பையில மேலயே இதைப் போட்டு வை. உள்ள நான் வாயைத் திறந்தா ஒண்ணும் சொல்ல வேண்டாம், இதை எடுத்துக் காட்டு, மூடிக்கறேன்.

அம்மா உனக்கு முத்தம் குடுக்கச் சொன்னா, நேரத்துக்கு சாப்பிடச் சொன்னா, கடிதத்துல என்னைப் பத்தி அப்பா என்ன எழுதியிருக்கார்னு போன்ல படிச்சுக் காட்டச் சொன்னா, அதை மட்டும் பண்ணாதே. நீயும் குழந்தையும் எந்தக் குறையும் இல்லாம நல்லபடியா ரெண்டு உயிரா வந்து சேரணும். எங்க ஆயுசுல பாதியை உங்க ரெண்டு பேருக்கும் குடுத்தாச்சு. நீ ஓட்டு கண்ணு. நான் பக்கத்துலதான் இருப்பேன்.

இப்படிக்கு,
மூச்சு விடக் கத்துக்கிட்ட,
உன் அப்பா